வீட்டை ஒட்டி ஐந்தடி

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீடு கூரைவீடாக இருந்தவரை, வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போட அப்பாயி விட்டதில்லை. “பொறிக்குக் கால் வேணுமாடா? காத்து போதும்” என்பாள்.

அது வீண் பயமல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது; 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளை கான்கிரீட் வீடுகளாக்கியது. கூரை போனதும் பயமும் போயிற்று.

ஆனால் கான்கிரீட் வீட்டுக்கும் ஜன்னல் உண்டு. கலிஃபோர்னியக் காட்டுத்தீக்களில் பல வீடுகளைப் பற்றவைத்தது நேரடித் தீ அல்ல. காற்றில் பறந்து வந்து சுவரோரச் சருகில் விழுந்த கங்கு. அதனால் தீ அபாயம் மிகுந்த பகுதிகளில், வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடியில் எளிதில் தீப்பற்றும் பொருள் இருக்கக்கூடாது என்ற நோக்கில் 2020இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். அப்பாயி சொன்னதும் இதைத்தானே?

போன பங்குனியில் ஊருக்குப் போனேன். பக்கத்துக் காட்டில் கரும்புச் சோகையைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு மர ஜன்னலுக்குக் கீழே விறகும் தென்னமட்டையும் அட்டைப்பெட்டிகளும் குவிந்திருந்தன.

“தார்சு வீடுதானேப்பா, என்ன ஆயிடப் போவுது?” என்றார் அப்பா.

“அப்பாயி இருந்தா விட்டிருக்குமா?” என்றேன்.

பதில் சொல்லாமல் மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட ஆரம்பித்தார்.