கொட்டகை வகுப்பறையும் கட்டட அனுமதியும்: காரியாபட்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலையில், மதுரையைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் அளவில் காரியாபட்டி வருகிறது. வட்டத் தலைமையிடம், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம், பேரூராட்சி என மூன்று தகுதிகளும் உள்ள ஊர். இங்கே ஒரு தனியார் பள்ளி தொடங்க வேண்டுமானால் குறைந்தது 1 ஏக்கர் நிலம் காட்ட வேண்டும் என்பது சிட்டிபாபு குழுவின் பரிந்துரையை ஒட்டி அரசு வகுத்த அளவு. பேரூராட்சி எல்லையைத் தாண்டிக் கிராம ஊராட்சிக்குள் போனால் அது 3 ஏக்கர். மாநகராட்சிக்குள் என்றால் 6 கிரவுண்டே போதும். இவ்வளவு நுணுக்கமாக நிலத்தை அளக்கும் அரசு, தன்னுடைய பள்ளியில் பிள்ளைகள் அதிகமாகி வளாகத்து ஓரத்தில் ஒரு தகர ஷெட் எழும்பும்போது எதை அளக்கிறது? அந்த ஷெட்டுக்கு யார் அனுமதி தர வேண்டும்?

இந்தக் கேள்விக்கான பதில் நூறாண்டுகளில் எப்படி உருவானது, எங்கே நின்றுபோனது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது. என் வாதம் இது: தமிழகத்தில் பள்ளிக் கட்டட விதிகள் ஒவ்வொரு முறையும் ஒரு விபத்துக்குப் பிறகே எழுதப்பட்டன. அதனால் அவை கூரை எதனால் ஆனது, சுவர் உறுதியாக இருக்கிறதா என்று கேட்கின்றன. கொட்டகை போடவேண்டிய நிலையை உண்டாக்கிய நெரிசலைப் பற்றி அவை அநேகமாக எதுவும் கேட்பதில்லை.

முதலில் சட்டத்தின் எல்லைக்கோடு. 1920ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம், எளிதில் தீப்பற்றும் பொருளால் கூரையோ வெளிச்சுவரோ அமைப்பதைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில்தான் தொடக்கக் கல்விச் சட்டமும் நகரமைப்புச் சட்டமும் வந்தன. மூன்றும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள் என்றாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. நகராட்சிச் சட்டம் விருதுநகரில் செல்லுபடியானது, அன்றைய காரியாபட்டியில் செல்லுபடியாகவில்லை. இங்கே பள்ளி என்பது திண்ணை, சாவடி, கோயில் மண்டபம், அல்லது பனையோலை வேய்ந்த கொட்டகை. பனை மிகுந்த வறண்ட பூமியில் ஓலை மலிவு. சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் கட்டி, ஓலையைக் கயிற்றால் பின்னிவிட்டால் ஓரிரு நாளில் வகுப்பறை தயார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேய்ந்துகொள்ளலாம். இந்த மறுவேய்ச்சலைப் புதுக் கட்டுமானம் என்று யாரும் கருதியதில்லை. அனுமதி என்ற பேச்சே எழவில்லை.

விருதுநகரின் நிலை வேறு. நாடார் உறவின்முறை 1880களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியில் வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. வணிகம் செழித்த ஊர் தன் பிள்ளைகளுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொண்டது. மானாவாரி நிலத்தையும் கண்மாய்த் தண்ணீரையும் நம்பிய காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் காரைக் கட்டடமும் ஓலைக் கொட்டகையும் பிரிந்த கோடு, சாதிச் சங்கத்தின் பணப்பைக்கும் சந்தையின் நெருக்கத்துக்கும் ஏற்பப் பிரிந்ததே தவிர அரசின் விதியால் அல்ல.

நெரிசலை அரசு நேரடியாகக் கையாண்ட ஒரு சந்தர்ப்பம் உண்டு. அது எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் அதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் கட்டட வரலாற்றில் அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என்று ஒரே அறையில் இரு மடங்கு பிள்ளைகளை உட்கார வைக்கும் கணக்கு அது. செங்கல் வாங்காமல் வகுப்பறையை இரட்டிப்பாக்கும் வழி. மீதி அரைநாளைக் குழந்தை பெற்றோரின் தொழிலில் கழிக்கட்டும் என்ற பகுதிதான் தமிழகத்தைக் கொதிக்க வைத்தது. 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார். அதோடு நெரிசல் அறைகள் மீது முழுப் பாரத்துடன் வந்து இறங்கியது. பள்ளியில்லா ஊர்களில் பள்ளி, 1956 முதல் மதிய உணவு என்று பிள்ளைகள் பெருகினார்கள். அறைகள் அந்த வேகத்தில் பெருக முடியாது.

அப்போது பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இந்த இடைவெளியில் தோன்றியவை. ஊர்க்காரர்களே நிலமும் பெஞ்சும் கூரை ஓடும் மணியும் கொடுத்தார்கள். கொடையாகக் கிடைத்த கட்டடத்துக்கு வரைபடம் கேட்டவர் யார்? கேட்டிருந்தால் அந்த இயக்கமே நடந்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விதியில்லாமையால் விளைந்த நன்மை அது. அதே விதியில்லாமை பின்னால் விலையும் கேட்டது.

1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தால் உருவான ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப் பள்ளிகளை ஏற்றன. 'யூனியன் ஸ்கூல்' என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1981இல் எம்.ஜி.ஆர். அரசு ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை அரசு ஊழியர்களாக்கியது. ஆசிரியர் கல்வித் துறைக்குப் போனார், கட்டடம் ஒன்றியத்திடமே நின்றது. இந்தப் பிரிவினைக்கு நம் கல்வி வரலாற்று நூல்கள் உரிய இடம் தருவதில்லை என்பது என் எண்ணம். வகுப்பில் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். அறை கட்டும் மதிப்பீடு போடுபவரோ ஒன்றியப் பொறியாளர். நடுவில் வட்டார வளர்ச்சி அலுவலகம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அந்த இடைவெளியைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் நிரப்பியது. கழகப் பணத்தில் ஆசிரியரையே நியமித்துக்கொண்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஷெட்டுக்கா தயங்குவார்கள்? சுற்று வட்டாரப் பிள்ளைகள் இலவசப் பஸ் பாஸில் வந்து இறங்கும் காரியாபட்டி போன்ற ஊர்களில் நெரிசல் ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் அதிகம்.

அடுத்து 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. நில உபயோகம், வளர்ச்சி அனுமதி என்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. அரசுத் துறையும் உள்ளாட்சியும் கட்டும்போது திட்டக் குழுமத்துக்கு முன்கூட்டித் தகவல் தந்துவிட்டுத் தொடங்கும் தனி வழியை அச்சட்டம் வைத்தது. தனியாருக்கு அனுமதி, அரசுக்குத் தகவல். தனியார் பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு காகிதங்கள் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்கப்படாது. இரண்டுக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வைத் தனியார் பள்ளிச் சங்கங்கள் குறையாகப் பேசுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவர்கள் தங்கள் வசதிக்காகப் பேசுகிறார்கள் என்பதும் தெரிந்ததே.

கலிபோர்னியாவிலும் இதே பிளவு வேறு வடிவில் உண்டு. 1933 மார்ச்சில் லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்ததும் ஃபீல்டு சட்டம் வந்தது. பொதுப்பள்ளிக் கட்டட வரைபடத்தை மாநில அரசின் கட்டடக் கலை அலுவலகம் சரிபார்க்க வேண்டும். ஆனால் நகரத்தின் நில உபயோக விதி வகுப்பறைக்குத் தடையாக நின்றால், பள்ளி வாரியம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதை ஒதுக்கிவிடலாம். 1996இல் தொடக்க வகுப்புகளில் 20 பேருக்கு மேல் கூடாது என்ற திட்டம் வந்ததும் லாரியில் கொண்டுவந்து இறக்கும் பெட்டி வகுப்பறைகள் மாநிலமெங்கும் குவிந்தன. அங்கே நெரிசலுக்கு எண் குறித்தார்கள், அந்த எண் ஷெட்டைக் கொண்டுவந்தது. இங்கே எண் குறிக்காமலே ஷெட் வந்தது.

2004 ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன. சத்துணவுச் சமையற்கூடத்தில் கிளம்பிய தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் அமைந்தது, பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றும் உத்தரவு வந்தது. மாநிலமெங்கும் சில வாரங்களில் கீற்று இறங்கியது. நெஞ்சைப் பதறவைத்த விபத்துப் படங்களுக்குப் பின்னால் ஒரு சட்ட விவரம் மறைந்துபோனது: கும்பகோணம் 19ஆம் நூற்றாண்டிலேயே நகராட்சியான ஊர். தீப்பற்றும் கூரையைக் கட்டுப்படுத்திய 1920ஆம் ஆண்டுச் சட்டம் அன்றும் அந்தத் தெருவில் நடைமுறையில் இருந்தது. எண்பத்து நான்கு ஆண்டுகளாக இருந்த விதியின் கீழ்தான் அந்தக் கீற்று வேயப்பட்டது. அதோடு, மூன்று பள்ளியின் பிள்ளைகளை ஒரே கட்டடம் தாங்குமா என்ற கேள்வியைவிட, கூரை ஓலையா என்ற கேள்வியே உத்தரவுகளில் முன்னுக்கு வந்தது. ஓலை போன இடத்தில் தகரம் வந்தது. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் உட்கார்ந்து தேர்வெழுதியவர்களிடம் எது மேல் என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக வராது.

கும்பகோணத்தை ஒட்டி எழுந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்றது, தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பின்பற்றச் சொன்னது. அதே ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும், கட்டடம் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. 1987இன் கரும்பலகைத் திட்டம் ஒரு தொடக்கப் பள்ளிக்கு இரண்டு அறைகள் என்று கேட்டதைவிட இது பெரிய முன்னேற்றம். ஆனால் சட்டத்தின் கணக்கு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பஸ்ஸில் வந்து இறங்கும் ஒன்பதாம் வகுப்புக்காரனுக்கு அதில் இடமில்லை.

இந்த விருதுநகர் மாவட்டத்தின் விசித்திரம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தெற்கே சிவகாசிப் பக்கம் பட்டாசு அறைக்கு என்னென்ன விதி என்று தொழிலாளி வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலே சொல்வான். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடையே இத்தனை மீட்டர். விதியை மீறுவதால்தான் சாவு நேர்கிறது, ஆனால் விதியாவது தலையை எண்ணுகிறது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் கிடைத்த வாடகை இடத்தில் நடந்தன. நான்கு பேர் என்று எண்ணிய அறையிலிருந்து வந்த குழந்தை, எண்ணிக்கை விதியே இல்லாத அறையில் உட்கார்ந்தது. 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பகுதியில் கல்குவாரியின் வெடிபொருள் கிடங்கு வெடித்து மூவர் இறந்தபோதும், கிடங்குக்கும் குடியிருப்புக்கும் உள்ள தூரம் பற்றித்தான் ஊரே பேசியது. வெடிமருந்தைப் பொறுத்தவரை இங்கே எல்லோருக்கும் இடவெளிக் கணக்கு அத்துப்படி.

2021 டிசம்பர் 17இல் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை மாநிலம் முழுதும் நடந்தது. கொரோனாவில் வருமானம் இழந்த குடும்பங்கள் தனியார் பள்ளியிலிருந்து லட்சக்கணக்கில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றிய ஆண்டும் அதுவே. பிள்ளைகள் கூடினார்கள், அறைகள் குறைந்தன. வகுப்புகள் சமுதாயக் கூடத்துக்கும் நூலகத்துக்கும் கோயில் மண்டபத்துக்கும் மரத்தடிக்கும் நகர்ந்தன. தொடங்கிய இடமான சாவடிக்கே பள்ளி திரும்பிவிட்டது என்று சிலர் கேலி பேசினார்கள். கேலியில் தவறில்லை, ஆனால் இடிக்காமல் விட்டிருக்க முடியாது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்த அரசு, ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாயில் சுமார் 18,000 புதிய வகுப்பறைகள் என்றது.

தனியார் பக்கமோ, விதி தொடர்ந்து தன் பிடியைத் தளர்த்திக்கொண்டே வந்தது. குறைந்தபட்ச நில அளவு இல்லாத 746 மெட்ரிக் பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் நீட்டிக்கப்பட்டது. 2011க்கு முன் அனுமதியின்றிக் கட்டிய கல்வி நிறுவனக் கட்டடங்களை வரன்முறைப்படுத்த 2018இல் வழி திறக்கப்பட்டது. ஆக, அரசுப் பள்ளியில் கட்டடம் தற்காலிகம், தனியார் பள்ளியில் அனுமதியே தற்காலிகம்.

கொட்டகைக்குப் பதிலாகப் பெட்டி வகுப்பறையைக் கொண்டுவந்தால் தீருமா என்ற யோசனை நம்மிடமும் அவ்வப்போது எழுகிறது. மாவோயிஸ்ட் மோதலில் பள்ளிக் கட்டடங்கள் தகர்ந்த சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் மூங்கிலால் ஆன 'போர்ட்டா கேபின்' உறைவிடப் பள்ளிகளை அரசே எழுப்பியது. இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியவை பத்தாண்டு தாண்டியும் நின்றன. 2024 மார்ச்சில் பிஜாப்பூர் மாவட்டத்தில் அத்தகைய பெண்கள் விடுதி ஒன்றில் தீப்பற்றி ஒரு சிறுமி இறந்தாள். பொருள் மாறினாலும் காலக்கெடு எழுதப்படாத தற்காலிகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் காலத்துச் சான்று இது.

ஓர் அரசுப் பள்ளி அறை இடிந்து மறு அறை எழும்பும் நடைமுறையைப் படிப்படியாகப் பார்த்தால் விடுபட்ட இடம் தெரிந்துவிடும். பொறியாளர் பழுது என்று சான்று தருகிறார். இடிக்க ஆணை வருகிறது. இடிபாட்டுக் கம்பிக்கும் கல்லுக்கும் மதிப்புப் போட்டு ஏலம் விடுகிறார்கள். பிறகு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், அளவுப் புத்தகப் (எம்-புக்) பதிவு, பில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து, ஒரு தேதி. ஆணைக்கும் பில்லுக்கும் இடையே அந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில், எத்தனை பேராக, எவ்வளவு காலம் உட்காரலாம் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கும் படி மட்டும் இந்த வரிசையில் இல்லை. காரியாபட்டிப் பேரூராட்சிச் செயல் அலுவலரோ வட்டாட்சியரோ நகர் ஊரமைப்பு அலுவலகமோ அந்தப் படியைத் தாங்களாகச் சேர்க்க முடியாது. ஒருங்கிணைந்த கட்டட விதிகளை 2019இல் எழுதிய மாநில அரசு, வகுப்பறைக்கு மாற்றாகப் பயன்படும் இடம் எதுவானாலும் அதற்குத் தலைக்கணக்கும் கடைசித் தேதியும் வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தால் போதும். பட்டாசு அறையின் சுவரில் எழுதிவைப்பதைப் போல, ஷெட்டின் வாசலிலும் எத்தனை பேர், எந்த நாள் வரை என்று எழுதிவைக்கலாம்.