காற்சட்டைப் பையின் கதை

ஆடையின் சரித்திரத்தைக் கூறுவோர் துணியையும் நிறத்தையும் விரித்துரைப்பர். பையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வர். ஆயினும் மனிதனின் இரு கைகளையும் வேலைக்கென விடுவித்தது பையே அன்றோ? 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவனுடைய இடைக்கச்சிலே ஒரு தோற்பை இருந்தது. அதில் கற்கருவிகளும், எலும்புக் குத்தூசியும், தீ மூட்ட உதவும் காளானும் காணப்பட்டன. நாள்தோறும் தேவைப்படுவதை உடலோடு கொண்டு செல்லும் வழக்கம் அத்துணைப் பழமையானது.

நெடுங்காலம் இடையில் தொங்கிய பை, பின்னர் ஐரோப்பியரின் காற்சட்டைக்குள் தைக்கப்பட்டது. அது தொடைக்கு இறங்கியதோ போரின் நிமித்தம். 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் படையினருக்கு வகுக்கப்பட்ட புதிய உடுப்பில், இடது தொடையின் முன்புறம் வரைபடத்திற்கென ஒரு பெரிய பை அமைந்தது. வலப்புறம் இடுப்பருகே காயக்கட்டுத் துணிக்கென ஒரு சிறு பை வைக்கப்பட்டது. குண்டடி பட்டவனுக்குப் பைகளைத் துழாவ நேரமேது? கட்டுத்துணி இருக்குமிடம் அவனுக்கு மட்டுமன்றி, உதவிக்கு ஓடிவரும் தோழனுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். எல்லோர் உடுப்பிலும் அது ஒரே இடத்தில் இருந்ததன் பயன் இதுவே.

1942இல் பிரிட்டனில் துணிச் சிக்கனம் கருதிப் பொதுமக்களின் ஆடைகளில் பைகளின் எண்ணிக்கையைச் சட்டம் குறைத்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பாராசூட் வீரரின் உடுப்பிலோ பைகள் பெருகின. வில்லியம் யார்பரோ என்னும் படை அதிகாரி வகுத்த அவ்வுடுப்பில் இரு தொடைகளிலும் அகன்ற பைகள் இருந்தன. வானிலிருந்து குதிப்பவன், தன் மூட்டை வேறிடத்தில் விழினும், உணவையும் தோட்டாவையும் தன்னுடனே வைத்திருக்க வேண்டுமல்லவா? 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டியில் இறங்குமுன், சுமையால் கிழியாதபடி அப்பைகள் கித்தான் துணியால் வலுப்படுத்தப்பட்டன. ஆடாதிருக்கத் தொடையைச் சுற்றி நாடாவும் கட்டப்பட்டது.

இன்று 'டாக்டிகல்' என விற்கப்படும் காற்சட்டையின் மற்றொரு மூலம் மலைப்பாறை. கலிபோர்னியாவின் மலையேறுநர் ராயல் ராபின்ஸ் தொடங்கிய நிறுவனம், பாறையேறுவோருக்கென உறுதியான காற்சட்டையைத் தயாரித்தது. அதனை அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் பயிற்சியாளர்கள் விரும்பி அணியலாயினர். அதன் பெயரான 5.11 என்பதும் பாறையேற்றத்தின் கடினத்தைக் குறிக்கும் எண்ணேயாகும்.

இத்தகைய காற்சட்டையை வாங்கப் புகும் நம்மவர் பைகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. நாம் எடுத்துச் செல்வன யாவை, அவற்றுள் அவசரத்தில் வேண்டுவது எது என்பதை முதலில் தெளிதல் நன்று. கனமான பொருள் இடுப்பருகே இருக்கட்டும்; தொடைப் பையில் இட்டால் அடிதோறும் முழங்காலை இடிக்கும். மருந்து வைத்திருப்போர் அதற்கு என்றும் ஒரே பையை ஒதுக்கி, அதனை வீட்டாருக்கும் சொல்லி வைப்பாராக. அந்தச் சிறு கட்டுத்துணிப் பை நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.