ஓபல்: ஜெய்ப்பூர் பட்டறைகளில் உருப்பெறும் வானவில் கல் – வாங்குவோர் அறிய வேண்டியவை

ஒரே கல்லில் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பல வண்ணங்கள் மாறி மாறி ஒளிரும் ஓபல், கைவினை வெள்ளி நகைகளில் விரும்பிப் பதிக்கப்படும் கற்களுள் ஒன்றாகும். எத்தியோப்பியாவில் வெட்டியெடுக்கப்படும் ஓபல் பெருமளவில் ராஜஸ்தான் தலைநகர் ஜெய்ப்பூருக்குக் கொண்டுவரப்படுகிறது. அங்குள்ள பட்டறைகளில் தீட்டப்பட்ட பின்னர் மோதிரங்கள், பதக்கங்கள், காதணிகள் ஆகியவற்றில் அது பதிக்கப்படுகிறது. எனினும், வைரம், மாணிக்கம் போன்ற கற்களைக் கையாள்வதைப் போல இக்கல்லைக் கையாள இயலாது. அதன் அழகுக்கும் மென்மைக்கும் அதன் உள்ளமைப்பே காரணமாகும்.

பெயரும் இயல்பும்

கல் அல்லது மணி எனப் பொருள்படும் 'உபல' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து கிரேக்கம், லத்தீன் மொழிகள் வழியாக ஓபல் என்ற பெயர் தோன்றியதாகக் கருதப்படுகிறது. மேற்கத்திய மரபில் இது அக்டோபர் மாதத்திற்குரிய கல்லாகும். இந்தியாவில் சோதிட நம்பிக்கை உடையோர், சுக்கிரனுக்குரிய வைரத்திற்கு மாற்றாக இதனை அணிவதுண்டு.

வேதியியல் அடிப்படையில் ஓபல் என்பது நீர் கலந்த சிலிகா ஆகும். பெரும்பாலான கற்களில் எடையில் 3 முதல் 10 சதவீதம் வரை நீர் இருக்கும். கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கம் 9 என அமைய, ஓபல் 5.5 முதல் 6.5 வரை மட்டுமே பெறுகிறது. வீட்டுத் தூசியில் கலந்துள்ள குவார்ட்ஸ் மணல்துகளின் கடினத்தன்மை 7 ஆகும். எனவே, தூசி படிந்த ஓபலை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலும் கீறல் விழக்கூடும்.

வண்ணம் தோன்றும் விதம்

ஓபலின் வண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியுடன் விடை கண்டனர். கல்லின் உள்ளே மிக நுண்ணிய சிலிகா கோளங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் விட்டம் ஏறத்தாழ 150 முதல் 300 நானோமீட்டர் வரை இருக்கும். கோளங்களுக்கு இடையிலான வெளிகளில் ஒளி சிதறுவதால் வண்ணங்கள் தோன்றுகின்றன. சிறிய கோளங்கள் நீலத்தையும் ஊதாவையும் தருகின்றன. சிவப்பு தோன்றப் பெரிய கோளங்கள் தேவை. கோளங்கள் ஒழுங்கின்றி அமைந்த கற்களில் வண்ண விளையாட்டு இருப்பதில்லை.

கிடைக்கும் இடங்கள்

பண்டைய ஐரோப்பாவுக்கு ஓபலை வழங்கிய சுரங்கங்கள் இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியா முதலிடத்தைப் பிடித்தது. அந்நாட்டின் லைட்னிங் ரிட்ஜ் பகுதி கறுப்பு ஓபலுக்கும், கூபர் பெடி வெள்ளை ஓபலுக்கும் பெயர் பெற்றவை. தங்கம் தேடிச் சென்ற குழுவினருடன் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் 1915-இல் கூபர் பெடியில் ஓபலைக் கண்டெடுத்தான். அதே ஊரில் 1956-இல் கிடைத்த 'ஒலிம்பிக் ஆஸ்ட்ராலிஸ்' என்ற கல் 17,000 காரட், அதாவது சுமார் 3.4 கிலோ எடை கொண்டது. 1993-இல் ஓபல் ஆஸ்திரேலியாவின் தேசிய ரத்தினமாக அறிவிக்கப்பட்டது. மெக்சிகோ, ஆரஞ்சு நிற நெருப்பு ஓபலுக்குப் புகழ்பெற்றது.

எத்தியோப்பியாவின் வெலோ பகுதியில் 2008-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட படிவுகள் சந்தையின் போக்கை மாற்றின. ஆஸ்திரேலியக் கற்களை விடக் குறைந்த விலையில், வண்ணம் மிகுந்த கற்கள் கைவினைஞர்களுக்குக் கிடைக்கத் தொடங்கின.

பட்டறையில் காட்ட வேண்டிய கவனம்

வெலோ ஓபல்களில் பல, நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சும் தன்மை கொண்டவை. நீரில் நனைந்ததும் கல் கண்ணாடி போலத் தெளிந்து, வண்ணங்களை இழக்கும். உலர்ந்த பிறகு அவை மீண்டும் தோன்றும். இதற்குச் சில மணி நேரமோ, சில நாட்களோ ஆகலாம். சாணைச் சக்கரத்தில் நீர் விட்டுத் தீட்டும்போதும் இதே நிலை ஏற்படுகிறது. ஆதலால், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதைத் தீட்டுபவர் முன்னரே கணித்து, அவ்வப்போது கல்லை உலரவிட்டுப் பார்த்து வேலையைத் தொடர வேண்டியுள்ளது. வண்ணம் நன்கு தெரிவதற்காக ஓபல் பெரும்பாலும் பட்டைகள் இன்றி, மேற்புறம் குவிந்த வடிவில் தீட்டப்படுகிறது.

திடீர் வெப்பம் பட்டால் ஓபலில் விரிசல் விழும். எனவே, நகையின் உலோகப் பகுதிகள் அனைத்தையும் பற்றவைத்து, மெருகூட்டி முடித்த பின்னரே கல் பதிக்கப்பட வேண்டும். கல்லின் ஓரத்தை முழுவதும் சுற்றி அணைக்கும் மெல்லிய வெள்ளி விளிம்பு, தனித்தனிக் கம்பிப் பிடிகளை விடக் கூடுதல் பாதுகாப்பு தரும். பழைய நகையின் அளவை மாற்றவோ, உடைப்பைச் சரிசெய்யவோ கொடுக்கும்போது, அதில் உள்ள கல் ஓபல் என்பதைப் பொற்கொல்லரிடம் தெரிவிப்பது அவசியம்.

ஒட்டுக் கற்களும் செயற்கைக் கற்களும்

மெல்லிய ஓபல் தகட்டைக் கறுப்பு நிற அடித்தளத்தில் ஒட்டித் தயாரிக்கப்படுவது டப்லெட் எனப்படும். அதன் மேல் குவார்ட்ஸ் அல்லது கண்ணாடி மூடியும் ஒட்டப்பட்டால் அது டிரிப்லெட் ஆகும். உண்மையைக் கூறி விற்கும்வரை இவற்றில் தவறில்லை. ஆனால் முழுக் கல்லின் விலைக்கு இவற்றை வாங்குவோர் ஏமாற்றம் அடைவர். விளிம்பு மூடப்படாத கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால், நேர்கோடாக ஓடும் ஒட்டு தெரியும். பின்புறம் மூடிய நகைகளில் இதனைக் காண்பது கடினம்.

நீரை உறிஞ்சும் தன்மையால் வெலோ கற்கள் சாயத்தையும் எளிதில் ஏற்கின்றன. புகையூட்டிக் கறுப்பாக்கப்பட்ட கற்களும் விற்பனையில் உள்ளன. ஆய்வுக்கூடங்களில் உருவாக்கப்படும் செயற்கை ஓபல் 1970-களிலிருந்து சந்தையில் உள்ளது. 'ஓபலைட்' என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் வெறும் கண்ணாடியே ஆகும்.

வாங்கும்போதும் அணியும்போதும்

நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரை தங்கம் அல்லது வெள்ளியின் தூய்மைக்கு மட்டுமே சான்றாகும். கல்லின் தன்மையை அது குறிப்பதில்லை. எனவே, இயற்கைக் கல்லா, ஒட்டுக் கல்லா, சாயமோ புகையோ ஏற்றப்பட்டதா, எந்த நாட்டைச் சேர்ந்தது ஆகிய விவரங்களை ரசீதில் எழுதிப் பெறுவது நல்லது. விலை உயர்ந்த கல்லாயின், ரத்தினச் சோதனைக்கூடத்தின் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம்.

நாள்தோறும் அணிவதற்கு மோதிரத்தை விடக் காதணியும் பதக்கமுமே ஓபலுக்கு ஏற்றவை. குளிக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும் ஓபல் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். நறுமணத் தைலம், கூந்தல் எண்ணெய் ஆகியவை பட்டால் வெலோ கற்களில் நிரந்தரக் கறை படியலாம். ஒட்டுக் கற்களை நீரில் ஊறவைத்தால் பசை விலகி, கல் மங்கிவிடும். லேசாக ஈரப்படுத்திய மென்துணியால் துடைப்பதே எல்லா வகை ஓபல்களுக்கும் பொருந்தும் முறையாகும். மீயொலி அதிர்வு, நீராவி ஆகியவற்றால் நகைகளைத் தூய்மைப்படுத்தும் கருவிகளில் ஓபல் நகைகளை இடக்கூடாது.