பிரயாண டிரெயிலர்: காற்றும் மலைச்சரிவும்

பிரயாண டிரெயிலர் என்பது படுக்கை, சமையலறை முதலிய வசதிகளோடு அமைந்து, மோட்டார் வண்டியின் பின்புறக் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சக்கர வீடாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில், வயோமிங் மாநிலத்துப் பெருவெளியிலும் கொலராடோவின் ராக்கி மலைப் பாதைகளிலும் இதன் சுபாவம் நன்கு புலப்படும்.

காற்றின் தடை, வண்டியை எதிர்கொள்ளும் காற்றுவேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதாதலால், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் மீது 30 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், தடை ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. ஆயினும் எதிர்க்காற்றினால் விளைவது பெரும்பாலும் எரிபொருள் நஷ்டமே. உயிருக்கு அபாயம் விளைப்பது பக்கக்காற்றே.

டிரெயிலரின் உயர்ந்து பரந்த பக்கச்சுவரில் காற்று மோதும்போது, அந்த விசை கொக்கியின் வழியாக முன்வண்டியின் பின்பாகத்தையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. பெரிய லாரியொன்று கடந்து செல்கையில், அது முன்னே தள்ளிவரும் காற்று டிரெயிலரை முதலில் அப்பால் ஒதுக்கி, அடுத்த கணமே தன்பக்கம் ஈர்ப்பதனாலும் ஊசலாட்டம் தொடங்கும்; வேகம் மிகுதியாயின், அது தானே அடங்காமல் ஒவ்வோர் அசைவிலும் வளரும். டிரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் அமரும்படி சாமான்களை முன்புறமாக ஏற்றுவதே இதற்குத் தலையாய காப்பு. ஊசலாட்டம் தொடங்கிவிட்டால், முன்வண்டியின் பிரேக்கை மிதிப்பது விபரீதமாக முடியலாம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகமிதியினின்று காலை எடுத்து, ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்திலுள்ள சிறு நெம்புகோலால் டிரெயிலரின் பிரேக்கை மட்டும் இயக்குதல் வேண்டும். வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே எல்க் மலையை அடுத்துச் செல்லும் 80ஆம் நெடுஞ்சாலையில், காற்று மிகும் நாட்களில் எடைகுறைந்த உயர வண்டிகளுக்குப் பாதை மூடப்படுவது முற்றும் நியாயமானதே.

மலையேற்றத்தில், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், 5 டன் எடையுள்ள வண்டித்தொடரைப் புவியீர்ப்பு ஏறக்குறைய 300 கிலோ எடைக்கு நிகராகப் பின்னிழுக்கும். கொலராடோவில் 1973இல் திறக்கப்பட்ட ஐசனோவர் சுரங்கப்பாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்று அடர்த்தி குறைந்து, டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் சுமார் மூன்றிலொரு பங்கை இழந்துவிடுகிறது. ஏற்றத்தைக் கண்டு அஞ்சும் ஓட்டுநர்கள் அஞ்ச வேண்டியது இறக்கத்துக்கே.

அச்சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் ஊர்வரை சாலை 600 மீட்டருக்கும் மேலாக இறங்குகிறது. 5 டன் எடை 600 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, அதே வண்டியை 90 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 19 முறை நிறுத்துவதற்குச் சமம். அத்தனையையும் பிரேக்கே ஏற்குமாயின், அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஆதலால் இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறி எஞ்சினைத் தடையாக்கி, பிரேக்கை ஓயாது மிதித்திராமல், அவ்வப்போது அழுத்தி வேகத்தைத் தணித்துவிட்டு, அது ஆறுவதற்கு இடைவெளி தரல் வேண்டும். பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென அப்பாதையோரத்தில் சரளை நிரப்பிய மேட்டுச்சரிவுகள் அமைக்கப்பட்டுள்ளன. அவ்விக்கட்டு நேருமாயின், டிரெயிலர் இழுக்கும் வண்டியும் தயங்காது அவற்றையே நாட வேண்டும்.