சட்டம் வேண்டாமென்ற குதிரைகள்: பிரித்தானிய மட்டக்குதிரைகளும் அவற்றின் நிலமும்

1540ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் குதிரைகளின் உயரத்தைப் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. குதிரையின் உயரத்தை ஆங்கிலேயர் ‘கை’ என்னும் அலகால் அளப்பர். ஒரு கை என்பது 4 அங்குலம். தரையிலிருந்து கழுத்தும் முதுகும் கூடும் மேடு வரை அளப்பது வழக்கம். குறிப்பிட்ட மாவட்டங்களின் காடுகளிலும் பொது மேய்ச்சல் நிலங்களிலும் 15 கைக்குக் குறைந்த பொலிகுதிரைகளை மேயவிடலாகாது என்றது எட்டாம் ஹென்றியின் அச்சட்டம். அத்தோடு நிற்கவில்லை. செப்டம்பர் இறுதியில் வரும் புனித மைக்கேல் திருநாளை ஒட்டி ஆண்டுதோறும் குதிரைகளை வளைத்து ஓட்டிவர வேண்டும். தக்க உயரமுள்ள குட்டியை ஈனவோ பயனுள்ள வேலை செய்யவோ இயலாதவை எனத் தோன்றும் பெட்டைகளையும் குட்டிகளையும் கொன்று புதைக்க வேண்டும் என்றும் விதித்தது. கவசம் பூண்ட வீரனைச் சுமக்கும் போர்க்குதிரை அரசுக்குத் தேவைப்பட்டது. பொது நிலத்தில் மேய்ந்த குள்ளக் குதிரை அரசின் கண்ணுக்கு வீணான புல்லாகத் தெரிந்தது.

இன்று உலகெங்கும் குழந்தைகளின் குதிரையாக அறியப்படும் பிரித்தானிய மட்டக்குதிரை இனங்கள் அந்தச் சட்டத்தைக் கடந்து வந்தவை. எப்படிக் கடந்தன என்பதற்கான விடை அடுத்த தலைமுறையின் சட்டத்திலேயே கிடைக்கிறது. 1566இல் முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், கேம்பிரிட்ஜ், லிங்கன், நார்ஃபோக் முதலிய மாவட்டங்களின் சதுப்பு நிலங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்தச் சேற்று நிலம் பெருங்குதிரையைத் தாங்காது, அது புதைந்து மாண்டுபோகும் என்பதே சொல்லப்பட்ட காரணம். உயரத்தை முடிவுசெய்வது அரசாணை மட்டுமன்று, நிலமும்தான் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. மட்டக்குதிரையைப் பற்றிய எந்த ஆய்வும் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலக் குதிரையை எடுத்துக்கொள்ளலாம். பொலிகுதிரைகூட 12 கை 3 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. பழுப்பு உடல், மாவில் முக்கி எடுத்தாற்போல் வெளிறிய மூக்கு, கண்ணைச் சுற்றிச் சதைப்பற்றுடன் புடைத்த இமை. இவ்விமைக்கு அவ்வூரார் வைத்த பெயர் ‘தேரைக்கண்’. மழையும் பனியும் கண்ணுக்குள் இறங்காமல் அது காக்கிறது. குளிர்கால மயிர் இரண்டு அடுக்காக வளரும்: உள்ளே கம்பளி போன்ற அடர்த்தி, வெளியே நீரை வடியவிடும் நீண்ட முரட்டு மயிர். வெளிமயிரின்மேல் பனி உருகாமல் படிந்து கிடக்க, அடியில் தோல் உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். வாலின் வேரில் விசிறிபோல் விரியும் குட்டைமயிர் நீரைப் பின்தொடைக்குப் போகாமல் திருப்பிவிடும். இத்தனை ஏற்பாடுகளும் கொண்ட விலங்கை இலாயத்தில் கம்பளி போர்த்தி வளர்ப்பது வீண் உபசாரம் என்று அதை அறிந்தோர் சொல்வர், அது மிகையன்று.

1818இல் எக்ஸ்மூர் அரசக் காடு விற்கப்பட்டபோது, அதன் கடைசிக் காப்பாளரான சர் தாமஸ் ஆக்லண்ட் ஏறத்தாழ முப்பது குதிரைகளைத் தம் வின்ஸ்ஃபோர்டு குன்றுக்குக் கொண்டுசென்றார். நிலத்தை வாங்கிய ஜான் நைட் போன்றோர் பெருங்குதிரைகளைக் கலந்து இனத்தை ‘மேம்படுத்த’ முயன்றனர். கலப்பில் பிறந்தவை மேட்டுநிலக் குளிர்காலத்தைத் தாங்காமல் தடுமாறின. ஆக்லண்டின் கலப்பற்ற மந்தையின் வழிவந்தவை இன்றும் அந்தக் குன்றில் மேய்கின்றன.

ஏறிச் செல்வோரின் அனுபவமும் இந்த நில வரலாற்றிலிருந்தே பிறக்கிறது. பந்தயக் குதிரையில் பழகியவர் ஹைலேண்ட் அல்லது ஃபெல் மட்டக்குதிரையில் ஏறினால் முதலில் உணர்வது அகலத்தை. பீப்பாய் போன்ற உடல். தோள்மேடு தாழ்ந்திருப்பதால் இறக்கத்தில் சேணம் முன்னோக்கி வழுக்கும். அதைத் தடுக்க வாலடியில் கோத்த வாரைச் சேணத்தோடு பிணைப்பதுண்டு. அடுத்து உணர்வது அதன் சொந்த அறிவை. சதுப்பில் கால்வைக்குமுன் மோந்து பார்க்கும், தனக்கு ஒப்பாத தரையென்றால் நின்றுவிடும், அடித்தாலும் நகராது. இதைப் பிடிவாதம் என்போர் சமவெளியினர். மலையில் வழி தவறியவருக்கு அதுவே காப்பு. ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் வேட்டையாடிய கலைமானை முதுகில் கட்டி இறக்கும் வேலையை ஹைலேண்ட் குதிரை இன்றும் சில பண்ணைகளில் செய்கிறது. இரத்த வாடையைக் கண்டு மிரளாமலும் செத்த சுமை சரிந்தாலும் பதறாமலும் நடக்கும் குணம் ஒரு நாள் பயிற்சியில் வருவதன்று. பால்மோரலில் விக்டோரியா அரசியார் இவ்வினக் குதிரைகளில் ஏறிச் சென்றதும், அவருடைய பணியாளர் ஜான் பிரவுன் கடிவாளம் பிடித்து நிற்கும் 1863ஆம் ஆண்டுப் புகைப்படமும் பலர் அறிந்தவை. இரண்டாம் எலிசபெத் அரசியார் 2020இல், தம் 94ஆம் வயதில், வின்ட்சரில் ஏறிச் சென்றது ஃபெல் இனக் குதிரையில்.

வட இங்கிலாந்தின் ஃபெல், டேல்ஸ் ஆகிய இரண்டும் பொதிசுமந்த இனங்கள். பென்னைன் மலைகளின் சுரங்கங்களிலிருந்து ஈயத் தாதுவை உருக்காலைக்குச் சுமந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஏறத்தாழ 100 கிலோ. கயிறின்றி வரிசையாக மந்தை நடக்க, ஓட்டுநர் ஒருவரே உடன் வருவார். நெடுந்தொலைவு சலிக்காமல் ஓடும் அவற்றின் துள்ளுநடை அந்தத் தொழில் விட்டுச்சென்ற சொத்து. வேல்ஸ் நாட்டுக் குதிரைகளோ தனி உலகம். 1901இல் தொடங்கிய சங்கத்தின் பதிவேட்டில் அவை நான்கு பிரிவாகின்றன: 12 கைக்கு மேற்படாத மலைக்குதிரை முதல், உயர வரம்பே இல்லாத வண்டிக்குதிரை வரை. பின்னதன் முழங்கால் உயர்த்திய ஓட்டத்தைக் கண்டவர் எளிதில் மறவார்.

குழந்தைக்கு எந்தக் குதிரை ஏற்றது என்னும் கேள்விக்குப் பலர் ஷெட்லாண்ட் என்று விடை சொல்வர். அந்த விடை பாதி உண்மை. 42 அங்குலத்தைத் தாண்டாத இவ்வினம், உடல் அளவோடு ஒப்பிட்டால் மிக வலியது. தலையைத் தாழ்த்திப் புல்லைக் கவ்வ அது முடிவு செய்துவிட்டால், மேலே இருக்கும் ஆறு வயதுப் பிள்ளை கழுத்து வழியே சறுக்கித் தரைக்கு வந்துவிடும். அதைத் தடுக்கவென்றே தனி வார் உண்டு. 1953 முதல் ‘பஞ்ச்’ இதழில் நார்மன் தெல்வெல் வரைந்த கேலிச்சித்திரங்களின் உருண்டைக் குதிரைகளும் கலங்கிய சிறுமிகளும் இந்த உண்மையிலிருந்து வந்தவையே.

ஷெட்லாண்டின் வலிமைக்கு மற்றொரு விலையும் இருந்தது. 1842இல் இயற்றப்பட்ட சுரங்கச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. தாழ்ந்த சுரங்க வழிகளில் நிலக்கரித் தொட்டிகளை இழுக்கும் வேலை கூடுதலாக மட்டக்குதிரைகளின்மேல் விழுந்தது. டர்ஹாம் பகுதியில் சுரங்கங்கள் வைத்திருந்த லண்டண்டெரி பிரபு, 1870ஐ ஒட்டி ஷெட்லாண்டின் பிரெஸ்ஸே, நாஸ் தீவுகளில் இனப்பெருக்கப் பண்ணையே அமைத்தார். தரைக்கு எவ்வளவு அருகில் இயலுமோ அவ்வளவு குள்ளமும், இயன்ற அளவு உடற்பருமனும் அப்பண்ணையின் இலக்கு. 1540இன் சட்டம் எதைக் குற்றமாகக் கருதியதோ, அதையே முதலாளி தேடி வளர்த்தார். சுரங்கத்துக்குத் தேவைப்பட்டவை ஆண்குதிரைகள்; நல்ல ஆண்கள் தீவைவிட்டு வெளியேற, இனத்தின் தரம் குலையத் தொடங்கியது. 1890இல் ஷெட்லாண்ட் பதிவேட்டுச் சங்கம் பிறந்ததன் பின்னணியில் இந்தக் கவலை இருந்தது.

1913இல் பிரித்தானியச் சுரங்கங்களில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் உழைத்தன. அவை எல்லாம் ஷெட்லாண்ட் அல்ல, வழியின் உயரத்துக்கேற்ப வெல்ஷும் டேல்ஸும் பிறவும் இருந்தன. செங்குத்தான குழிவழி கொண்ட சுரங்கங்களில் இலாயமே நிலத்துக்கடியில். ஆண்டு விடுமுறையில் மேலே கொண்டுவரும்போது மட்டும் அவை வெயிலைக் கண்டன. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வயது நிரம்பாதவற்றையும் பார்வை இழந்தவற்றையும் வேலைக்கு விடலாகாது என்றது. அதற்குமுன் என்ன நடந்தது என்பதை அந்த விதியே சொல்லிவிடுகிறது. கடைசிச் சுரங்கக் குதிரைகள் ஓய்வுபெற்றது 1990களில்.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. மணிப்பூரின் குள்ளக் குதிரைகளில் ஆடப்பட்ட போலோவைக் கண்டு மயங்கிய ஆங்கிலேயர் 1859இல் சில்சாரில் சங்கம் அமைத்தனர். பத்து ஆண்டுகளில் ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே போலோக் குதிரைக்கு உயர வரம்பு இருந்ததால், உள்நாட்டு மட்டக்குதிரைப் பெட்டைகளின்மேல் கனவான்களின் பார்வை விழுந்தது. 1893இல் தோன்றிய போலோக் குதிரைச் சங்கம் தன் பதிவேட்டில் மலை, மேட்டுநில இனங்களுக்கும் இடம் அளித்தது. 1913இல் அது தேசிய மட்டக்குதிரைச் சங்கமாகப் பெயர் மாறியது. முதல் உலகப் போருக்குப் பின் உயர வரம்பு நீங்கியதும் போலோவுக்கு மட்டக்குதிரை தேவையற்றதாயிற்று. மணிப்பூர்க் குதிரையோ ஈரநில மேய்ச்சலை இழந்து, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

உடைமை என்று வரும்போது நியூ ஃபாரஸ்ட் விரிவாகப் பார்க்கத்தக்கது. முதலாம் வில்லியம் 1079இல் தம் வேட்டைக்கென ஒதுக்கிய அக்காட்டில் ஆயிரக்கணக்கான குதிரைகள் வேலியின்றித் திரிகின்றன. காட்டு விலங்கு என்று பயணிகள் எண்ணுவர். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. மேய்ச்சல் உரிமை மனிதருக்கு உரியதன்று, வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியது. வீடு கைமாறினால் உரிமையும் உடன் செல்லும். இதை நடத்தும் பழைய மன்றத்தின் கீழ் காட்டைச் சுற்றிவரும் பணியாளர் இருக்கின்றனர். கட்டணம் செலுத்திய குதிரையின் வால்மயிரை அவரவர் பகுதிக்கு உரிய வடிவில் வெட்டிவிடுவார்கள். தொலைவிலிருந்தே எந்தப் பகுதிக் குதிரை, பணம் கட்டியதா என்று தெரிந்துவிடும். இரசீதை வாலில் எழுதும் ஆட்சிமுறை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. முள் நிறைந்த கோர்ஸ் புதரையும் ஹாலி இலையையும் தின்று குளிர்காலத்தைக் கடக்கும் இக்குதிரைகளுக்கு ஓக் மரத்தின் கொட்டை நஞ்சு. இலையுதிர்காலத்தில் பன்றிகளை அவிழ்த்துவிட்டு அவற்றைத் தின்னச் செய்வதும் பொது உரிமைகளுள் ஒன்று. இரவில் சாலையில் அடிபடாதிருக்க, ஒளி தெறிக்கும் கழுத்துப் பட்டையைச் சிலர் கட்டுகின்றனர்.

இதே குதிரையை வாங்கி நல்ல பசும்புல் நிறைந்த வேலிக்குள் விட்டால் என்ன ஆகும்? நோயுறும். வறிய புல்லில் உயிர்வாழப் பழகிய உடல், வசந்தத்தின் சர்க்கரை மிகுந்த புல்லைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கிறது; செலவழிக்கக் குளிர்காலப் பஞ்சம் வருவதில்லை. விளைவு லேமினைட்டிஸ். எலும்பைக் குளம்போடு பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் அழற்சியுற்று, முற்றினால் எலும்பே இடம்பெயர்ந்துவிடும். வலியில் குதிரை எடையைப் பின்காலுக்கு மாற்றி, ஊன்றாமல் நிற்கும். எனவே மட்டக்குதிரை வளர்ப்போரின் அன்றாடக் கவலை தீனி போடுவது அன்று, போடாமல் இருப்பது. புல்வெளியைக் கயிறுகட்டிச் சுருக்குவர், வாய்க்கூடு மாட்டுவர், உலர்புல்லை நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கழுவிக் கொடுப்பர். மலையில் பஞ்சம் இலவசமாகச் செய்ததைச் சமவெளியில் மனிதர் நாள்தோறும் உழைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

போர்க்காலம் இவ்வினங்களை ஏறத்தாழத் துடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது எக்ஸ்மூர் படைப்பயிற்சிக் களமானது; இறைச்சிக்காகத் திருட்டும் நடந்தது. போர் முடிந்தபோது எஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு. மேரி எதரிங்டன் என்னும் பெண்மணியின் முயற்சியால் மந்தைகள் மீண்டும் திரட்டப்பட்டன. டேல்ஸ் இனத்தில் 1955இல் பதிவான பெண்குட்டிகள் நான்கே. மேற்குத் தீவுகளின் எரிஸ்கே குதிரை 1970களில் இருபது அளவுக்குச் சுருங்கியது. இன்றைய குதிரைகளிடையே காணப்படும் நெருங்கிய உறவுமுறைச் சிக்கல் அந்த இடுக்கு வழியில் நுழைந்து வந்ததன் தழும்பு.

மீண்டவற்றைக் காக்கப் பதிவேடுகள் எழுந்தன. அவற்றின் விதிகளில் ஒரு நகைமுரண் உண்டு. ஹென்றியின் சட்டம் குறைந்தபட்ச உயரம் விதித்தது. சங்கங்களின் விதிகளோ பெரும்பாலும் மேல்வரம்பு விதிக்கின்றன. எக்ஸ்மூர் குட்டியின் உடலில் வெள்ளைக் குறி இருந்தால் பதிவு இல்லை என்பதும் நெடுங்கால வழக்கம். மேய்ச்சலால் புதரைக் கட்டுப்படுத்திப் பூச்செடிகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் இடம் உண்டாக்கவென்று இயற்கைக் காப்பகங்கள் சில குதிரைகளைப் பெற்றுக்கொள்கின்றன. ஆயினும் அவை கொள்ளும் எண்ணிக்கை சிறிது.

இன்றும் இலையுதிர்காலத்தில், ஹென்றியின் சட்டம் குறித்த அதே பருவத்தில், எக்ஸ்மூரிலும் டார்ட்மூரிலும் குதிரைகளை வளைத்து ஓட்டிவருகின்றனர். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பார்வையிடுகின்றனர். பதிவேட்டில் ஏறும் பெண்குட்டிக்கு வாங்குவோர் உண்டு. டார்ட்மூரின் பதிவில்லா மலைக்குதிரைகளின் ஆண்குட்டிகள் சில ஆண்டுகளில் மிகச் சொற்ப விலைக்குப் போகின்றன. வாங்க ஆளில்லாதவற்றுள் ஒரு பகுதி அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே கொல்லப்படுகிறது.