நான்கெல்லை முதல் மனைப்பிரிவு வரை: தமிழ்நாட்டில் வீட்டுமனை வாங்கிய வரலாறு

தமிழ்நாட்டில் வீடு கட்ட மனை வாங்குவோர் மூன்று ஆவணங்களைப் பார்த்தாக வேண்டும்: விற்பனைப் பத்திரங்களின் தொடர், பட்டா, மனைப்பிரிவு அனுமதி. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

சோழர் கால ஊர்களில் குடியிருப்பு நிலம் விளைநிலத்திலிருந்து தனியே வைக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களின் நிலக்கணக்கில் ஊர்நத்தம், கம்மியர் வாழ்ந்த கம்மாணசேரி, பறைச்சேரி, குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றை வரியற்ற இறையிலி நிலமாகக் கழிக்கின்றன. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்த கொடுமைக்கும் இந்தப் பட்டியலே சான்று.

நிலம் விற்றபோது விலையாவணம் எழுதப்பட்டது. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கெல்லையும் சொல்லி, அதற்குள் அடங்கிய மரமும் கிணறும் சேர்த்தே விற்றதாகக் குறித்தார்கள். ஆவணம் எழுதும் இடமான ஆவணக்களரியில் பணம் கைமாறியது. ஊரார் சாட்சிக் கையெழுத்திட்டனர். அளவு குழி, மா, வேலி என்று சொல்லப்பட்டாலும் அளக்கும் கோல் இடத்துக்கு இடம் மாறியது. பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் வழக்கில் இருந்ததால், குழி என்ற பெயர் ஒன்றாயினும் பரப்பு ஒன்றல்ல. எல்லையை அறிந்த மனிதர்கள் ஊரிலேயே இருந்தவரை இந்த முறை நிலைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சி நிலத்தைப் பார்த்தது வரிக்காக. ரயத்துவாரி முறையில் உழவரிடமிருந்து அரசு நேரடியாகத் தீர்வை வாங்கியதால், எந்தத் துண்டுக்கு யார் பொறுப்பு என்பது தெரிய வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கிராமங்கள் 66 அடி நீளமும் 100 கண்ணியும் கொண்ட சங்கிலியால் அளக்கப்பட்டு, ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண்ணும் புலப்படமும் உண்டாயின. ஏக்கரும், அதில் நூற்றில் ஒரு பங்கான சென்டும் புழக்கத்துக்கு வந்தன. சென்னை நகரிலோ 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டே மனையின் அளவாக நிலைத்தது. 24 கிரவுண்டு ஒரு காணி. தீர்வை செலுத்த வேண்டியவரின் பெயரைத் தாங்கிய ஆவணமே பட்டா. அது மட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொன்னதன் வேர் இங்கே இருக்கிறது.

பட்டா பெற நிலமே இல்லாத ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 அரசாணைப்படி அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் எனப்படும் இது பிறருக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. மனை வாங்குவோர் இதை அறியாமல் இருப்பது தமக்கும் கேடு, அந்த மக்களுக்கும் அநீதி.

பத்திரத்தை அரசு அலுவலகத்தில் பதியும் முறை 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபெற்றது. இன்று நடைமுறையில் உள்ளது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையைப் பதிவது கட்டாயமாயிற்று. ஆனால் பதிவேடு சொல்வது, இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதை மட்டுமே. விற்றவருக்கு உரிமை உண்டா என்று அது உறுதி கூறுவதில்லை. அதனால்தான் தாய்ப்பத்திரம் தேடப்படுகிறது, வில்லங்கச் சான்று பெறப்படுகிறது. பதிவாகாத கடனும் வாய்மொழி ஒப்பந்தமும் அந்தச் சான்றில் தெரியாது.

மூன்றாவது ஆவணமான மனைப்பிரிவு அனுமதி நகரம் பெருகியதால் வந்தது. நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-இல் தம் கண்காட்சியை நடத்த இந்தியா வந்தார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னையில் ‘நீண்ட ஏரி’ எனப்பட்ட நீர்நிலையின் நிலத்தை மனைகளாக்கித் தியாகராய நகர் 1920-களில் உருவானது. பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் திட்டமிட்ட தெருக்கள் பிரிந்தன. மனை என்றால் தெருவின் அகலம், பூங்கா, வீட்டைச் சுற்றி விடும் இடம் ஆகியவையும் சேர்ந்ததே என்ற எண்ணம் அங்கே வடிவம் பெற்றது. நீர் நின்ற இடத்தில் வீடு எழுப்பியதன் துன்பத்தையும் அதே பகுதி பெருமழைக் காலங்களில் அனுபவித்திருக்கிறது.

வீட்டுவசதி வாரியம் 1961-இல் அமைந்தது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், அனுமதி பெற்றே மனை பிரிக்க வேண்டும் என்றது. இருந்தும் வயல்களில் கல் நட்டு, அனுமதி இல்லாமல் மனைகள் விற்கப்பட்டன. வடிகாலும் சாலையும் வரைபடத்தில் மட்டுமே இருந்தன. சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியவர்கள் தவித்தனர். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 20.10.2016 வரை பிரித்து விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-இல் வந்தன. கட்டடம் எழுப்புவதற்கான விதிகள் 2019-இல் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டன.

பதிவுத் துறை 2018-இல் இணையவழிப் பதிவை மாநிலமெங்கும் கொண்டுவந்தது. உட்பிரிவு தேவைப்படாத சொத்துகளில், பதிவைத் தொடர்ந்து பட்டாவில் பெயர் மாறும் வழியும் அதன்பின் ஏற்பட்டது. தனித்தனியே வளர்ந்த பதிவும் பட்டாவும் இதனால் நெருங்கியுள்ளன. ஆயினும் சொத்தின் உரிமைக்கு அரசு உத்தரவாதம் தரும் முறை இன்னும் இல்லை. ஆகவே விற்றவரின் உரிமைக்குப் பத்திரத் தொடரையும், நிலத்தின் அடையாளத்துக்குப் பட்டாவையும் புலப்படத்தையும், வீடு கட்டும் தகுதிக்கு மனைப்பிரிவு அனுமதியையும் தனித்தனியே ஆராய்வது வாங்குவோரின் பொறுப்பாகவே நீடிக்கிறது.