பஞ்சாங்கம் சொல்லாத ஜூலை 30

வீட்டுக்கு வீடு நாள்காட்டி தொங்குகிறது. பொழுது விடிந்ததும் ஒரு தாளைக் கிழிக்கிறோம். கிழித்தவுடன் கண் எங்கே போகிறது? இராகுகாலம் எப்போது, எமகண்டம் எப்போது, சூலம் எந்தத் திசையில் என்ற கட்டங்களுக்குத்தான். அதே நாளில் முன்னொரு காலத்தில் மனிதன் என்ன செய்தான், எதை வென்றான், எதில் தோற்றான் என்று தேடுவோர் சிலரே. வரப்போவதாகச் சொல்லப்படும் பலனைத் தேடும் கண்ணுக்கு, நடந்து முடிந்த வரலாறு தென்படுவதில்லை.

இன்று ஒரே ஒரு தாளை நாம் எடுத்துக்கொள்வோம். ஜூலை 30. ஆடித் திங்களின் நடுப்பகுதி. மணவினைக்கு ஆகாது, புதுமனை புக ஆகாது என்று பஞ்சாங்கக்காரர் ஒதுக்கி வைத்த மாதம்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30, வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. ஊர்தோறும் அம்மன் கோயில்களில் பெண் தெய்வத்துக்கு வழிபாடு நடக்கும் நாள். அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை நாராயணசாமி அய்யர், கல்வியாளர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தவர். கல்லில் வடித்த பெண்ணுக்குப் பட்டாடையும் பாலாபிடேகமும்; உயிருள்ள பெண்ணுக்குப் பொட்டுக்கட்டும் பழிச்சொல்லும்! அந்தக் குலத்துப் பெண்களுக்குச் சமுதாயம் எழுதி வைத்திருந்த 'தலைவிதி' அதுதான். அந்தக் குழந்தைதான் முத்துலட்சுமி.

அந்தத் தலைவிதியை அழித்தது எந்தக் கிரகம்? பள்ளிப் படிப்பு முடிந்ததும் முத்துலட்சுமி மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. தாயின் குலத்தைச் சுட்டியும் முணுமுணுத்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் அளித்தார், கதவு திறந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் மருத்துவராக வெளிவந்தார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். படிப்பைத் தவிர வேறெந்தப் பரிகாரமும் அவர் செய்துகொள்ளவில்லை.

மன்றத்தில் அவர் கையிலெடுத்தது பொட்டுக்கட்டும் வழக்கத்தை. 1929-இல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கோயில் ஊழியத்துக்காக அப்பெண்களின் குடும்பங்களுக்கு விடப்பட்ட மானிய நிலங்கள், ஊழியத் தளையினின்றும் விடுவிக்கப்பட்டன. பிழைப்புக்கு வழி காட்டாமல் 'விட்டுவிடு' என்று சொல்வது சீர்திருத்தமாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1930-இல், காந்தியார் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. அது சட்டமானது 1947-இல். இடையில் உருண்டோடிய பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமியர் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பதினேழு ஆண்டும் மன்றத்துக்கு வெளியே தீயை அணையாது காத்தவர்களுள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தலையாயவர். தாமே அந்தக் கொடுமையை அருகிருந்து கண்டவர்; 1936-இல் தம் நூலின் வாயிலாக அதைச் சந்திக்கு இழுத்தவர். தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கம் மேடைதோறும் அந்தச் சட்டத்துக்காக வாதாடியது.

எதிர்த்தவர்கள் யார்? அவர்களுள் முன்னணியில் நின்றவர் சத்தியமூர்த்தி. நாவன்மை மிக்கவர், வெள்ளையனை எதிர்த்துச் சிறை சென்றவர், அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? அதே புதுக்கோட்டைச் சீமையின் திருமயம். பிறந்தது 1887 ஆகஸ்டு 19. முத்துலட்சுமியைவிட ஓராண்டே இளையவர். அதே மன்னர் கல்லூரியில் பயின்றவர். ஒரே மண், ஒரே கல்லூரி, ஒரே மன்றம். ஆனால் ஒருவர் பெண்ணின் தளையை அறுக்க எழுந்தார். மற்றவர் மரபின் பெயரால் அதைக் காக்க எழுந்தார். ஆகவே தோழர்களே, நாளும் மனிதனை ஆக்குவதில்லை, மண்ணும் ஆக்குவதில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று அவனவன் எடுக்கும் முடிவே ஆக்குகிறது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1947-இல் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சென்னைச் சட்டமன்றத்தின் ஆணை அதன் எல்லைக்கல்லோடு நின்றுவிடும். 1948 மார்ச்சு 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. புதுக்கோட்டையின் மகள் வித்திட்ட சட்டத்துக்கே புதுக்கோட்டைக்குள் நுழைய மன்னராட்சி முடிய வேண்டியிருந்தது!

இனி, இதே ஜூலை 30-ஐ உலக ஏட்டிலும் புரட்டுவோம்.

1818-இல் இந்நாளில் இங்கிலாந்தில் எமிலி பிரான்டி பிறந்தார். 1847-இல் அவருடைய ஒரே புதினம் வெளிவந்தபோது அட்டையில் இருந்த பெயர் எல்லிஸ் பெல். பெண் எழுதியது என்றால் அதற்குரிய மதிப்போடு படிக்கமாட்டார்கள் என்ற அச்சம்! மறு ஆண்டே, முப்பது வயதில், அவர் மறைந்தார்.

1863-இல் இந்நாளில் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு பிறந்தார். மோட்டார் வண்டியை எளியவர் கைக்கும் எட்டச் செய்தவர். அவரே 1920-களில் தம் பத்திரிகையின் மூலம் யூதர்மீது நஞ்சு கக்கினார்.

1898-இல் இந்நாளில் ஜெர்மனியின் பிஸ்மார்க் மறைந்தார். சமதர்மவாதிகளை ஒடுக்கியவர். அவர்களை நோக்கித் தொழிலாளர் சாய்வதைத் தடுக்கவே 1883-இல் நோய்க்காப்புச் சட்டம் கொண்டுவந்தவர்.

1965-இல் இந்நாளில், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, அமெரிக்கத் தலைவர் ஜான்சன் முதியோர்க்கான மருத்துவக் காப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பார்த்தீர்களா, பெண்ணும் மருத்துவமும் சட்டமும் ஒரே நாளைச் சுற்றி வருகின்றனவே, இந்நாளுக்கு ஏதோ மகிமை இருக்கிறது என்று யாரேனும் சொல்லத் தொடங்கினால், நாம் உடனே தடுத்தாக வேண்டும். இந்நாளில் நடந்தவை ஆயிரம். நம் கருத்துக்கு இசைந்த நான்கைந்தைப் பொறுக்கி வைத்தோம், அவ்வளவே. சோதிடன் செய்வதும் இதுதான். பலித்ததைப் பறையடிப்பான், பலிக்காததைப் புதைப்பான். நாம் பொறுக்கியதைப் பொறுக்கினோம் என்றே சொல்கிறோம், அவன் சொல்வதில்லை.

நாள் என்பதே மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு. 1619-ஆம் ஆண்டு ஜூலை 30-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலக் குடியேறிகளின் முதல் சட்டமன்றம் கூடியது என்று ஏடுகள் கூறும். ஆனால் அன்று ஆங்கிலேயர் கையாண்டது பழைய நாள்காட்டி. இன்றைய கணக்கில் அது ஆகஸ்டு 9. 1752-இல் ஆங்கில நாடு புதிய நாள்காட்டிக்கு மாறியபோது செப்டம்பரில் பதினொரு நாள்களை ஒரே அடியாக நீக்கிவிட்டார்கள். நீக்கப்பட்ட நாள்களின் இராகுகாலம் எங்கே போயிற்று? கிரகங்கள் முறையிட்டனவா?

'ஆண்டு வேறு, வேளை வேறு. ஆகவே பலன் வேறு' என்று சோதிடர் நழுவலாம். நழுவ விடவேண்டாம். 1886 ஜூலை 30-இல் அதே வேளையில் தமிழகத்தில் இன்னும் பல பெண் குழந்தைகள் பிறந்திருக்கும். அதே கட்டங்கள், அதே கிரகங்கள். அவர்களெல்லாம் மருத்துவரானார்களா? அவர்களுக்குக் கிட்டாது முத்துலட்சுமிக்குக் கிட்டியது என்ன? கல்லூரியின் திறந்த கதவு. அது வானத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. அதைத் திறப்பவனும் மனிதன், அடைப்பவனும் மனிதன்.

முத்துலட்சுமி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 'விதி' என்று அழுது அமர்ந்திருந்தால் ஒப்பாரியோடு முடிந்திருக்கும். அவரோ நிதி திரட்டினார், அரசின் கதவைத் தட்டினார். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1968 ஜூலை 22-இல் அவர் மறைந்தார், மருத்துவமனை வளர்ந்தது.

1974-இல் தனி மாவட்டமான புதுக்கோட்டையில், 1991-இல் அறிவொளி இயக்கம் பரவியபோது, கல் உடைத்த பெண்களும் களை பறித்த பெண்களும் ஆயிரக்கணக்கில் எழுத்தைக் கற்றார்கள்; சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கேலி பேசிய வாய்களைக் கடந்து சக்கரம் உருண்டது. அதே மாவட்டத்தின் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அதையும் நாள்காட்டியில் குறித்தாக வேண்டும். வென்ற நாளை மட்டும் கொண்டாடி, வெட்கப்படவேண்டிய நாளை மறைப்பது வரலாறு ஆகாது.

அடுத்த ஜூலை 30 வரும்போது இளைஞர் மன்றங்கள் மாலை போட்டுக் கலைய வேண்டாம். உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை எவள் என்று கேளுங்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். அவள் வீட்டுப் படியேறுங்கள்; இராகுகாலத்திலேயே ஏறுங்கள்!